பதினாலு வரிக்கு ஒரு விடுதலைப் பத்திரம்

உக்காருங்க தம்பி. நீங்க நின்னா எனக்குக் கால் வலிக்குது. பாஸ்போர்ட்டுக்கு என்ஓசிதானே? அடிச்சாச்சு. இந்தப் பிரிண்டர் மனசு வைக்கணும், அவ்வளவுதான். சில நாள் அஞ்சு நிமிசத்துல மனசு வைக்கும், சில நாள் அரை மணி நேரம் இழுத்தடிக்கும். நீங்க மெக்கானிக்கல்ல ஜூன் மாசம் சேந்தவருதானே? ஒரு மாசம் ஆகிப்போச்சு. அப்ப உங்க காதுலயும் போட்டிருப்பாங்க.

என்னத்தப் போட்டாங்கன்னா கேக்குறீங்க? 'ஆபீஸ் சூப்ரண்டு வைகுண்டத்தாலதான் கம்ப்யூட்டர் லேப் பாக்கியநாதன் வேலைய விட்டுட்டுப் போனாரு'ன்னு. உங்க முழியப் பாத்தாலே தெரியுது, கேட்டுட்டுத்தான் வந்திருக்கீங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு என்னப் பத்திச் சொல்றாங்க. சொல்லட்டும். முப்பத்தோரு வருசமா இந்த நாற்காலில இருக்கேன், வர்ற மே மாசத்தோட முடியுது. அலுத்துப்போச்சு தம்பி. போறதுக்குள்ள ஒரு ஆளாவது நடந்தத நடந்தபடி கேட்டுக்கிடட்டும். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணினேன்னு.

பாக்கியநாதன் நல்ல மனுசன். அத நான் மறுக்கல. லேப் டெக்னீசியன், பதினோரு வருச சர்வீஸ். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு. என் கம்ப்யூட்டர் நின்னுபோனாக்கூட அவர்தான் வந்து பாப்பாரு, டீ வாங்கிக் குடுத்தா குடிக்கமாட்டாரு. அவர் சம்சாரம் கிருபா. அந்தப் பிள்ளைக்கு இருவது வயசுல ஒரு காய்ச்சல் வந்து ரெண்டு கண்ணும் போயிருச்சு. போன பிறகுதான் இவரு கட்டுனாரு. யாருக்கு வரும் அந்த மனசு? அந்தப் பிள்ளையும் சும்மா இருக்கல. தபால்ல பி.ஏ. முடிச்சு, அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிக்கிட்டே இருந்துச்சு.

கண்ணு தெரியாதவங்க கம்ப்யூட்டர எப்படிப் பாப்பாங்கன்னு நானும் கேட்டேன். அதுக்கு ஒரு மென்பொருள் இருக்காம், திரையில இருக்கிறத அதுவே வாசிச்சுக் காட்டுமாம். இலவசம். இலவசம்னா சும்மா குடுக்கிறது மட்டும் இல்ல. உலகத்துல எங்கெங்கயோ இருக்கிறவங்க ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேத்தது. யாரு வேணா திறந்து பாக்கலாம், தப்பு இருந்தா திருத்திக் குடுக்கலாம். வெளிநாட்டுல ஒரு அறக்கட்டளை அத வச்சுக் காப்பாத்துது. எல்லாம் சரி, தமிழ்ல வாசிக்கும்போது அதுக்கு ஒரு குறை. எண்ணுக்கு நடுவுல வர்ற புள்ளிய முழுங்கிரும். ரெண்டு புள்ளி அஞ்சுன்னு இருந்தா இருபத்தஞ்சுன்னு வாசிக்கும். கதைப் புத்தகம்னா போகட்டும்னு விடலாம். கணக்குக் கேள்வில ஒரு சட்டைக்கு இருபத்தஞ்சு மீட்டர் துணின்னா என்ன ஆகுறது?

பாக்கியநாதன் உக்காந்து அதச் சரி பண்ணிட்டாரு. பதினாலு வரி. நம்ம காலேஜ் லீவ் லெட்டரே பதினாறு வரி வரும். வீட்டுல கிருபாவோட கம்ப்யூட்டர்ல அதப் போட்டு, அது முதல் தடவையா ரெண்டு புள்ளி அஞ்சுன்னு சொன்னப்ப அந்தப் பிள்ளை கை தட்டுச்சாம். ஆனா வீட்டுல சரியா வாசிச்சு என்ன பண்ண? பரீட்சை ஹால்ல அவங்க கம்ப்யூட்டர்தான். அதுல அறக்கட்டளை வெளியிட்ட பதிப்ப மட்டும்தான் ஏத்துவாங்க. அடுத்த பதிப்பு நவம்பர்ல. அதுல சேரணும்னா அக்டோபர் முப்பத்தொண்ணுக்குள்ள எல்லாம் போய்ச் சேரணும். பரீட்சை ஜனவரில. அந்தப் பிள்ளைக்கு வயசு வரம்பு அதோட முடியுது. அதுதான் கடைசித் தடவை.

இங்கதான் காகிதம் வருது. அறக்கட்டளையோட சட்டம் என்னன்னா, ஒரு ஆளு பதினஞ்சு வரி வரைக்கும் குடுத்தா காகிதம் எதுவும் வேண்டாம். அதுக்கு மேல போனா, இது என் எழுத்து, இதோட உரிமைய உங்களுக்கே குடுத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டுத் தரணும். எங்கயாவது வேலைல இருக்கிற ஆளுன்னா, வேலை குடுத்தவங்களும் 'இதுல எங்களுக்குப் பாத்தியதை இல்ல'ன்னு ஒரு லெட்டர் தரணும். நாளைக்கு எவனும் வந்து இது எங்க சொத்துன்னு வம்பு பண்ணக்கூடாதுல்ல? இதக் கேட்டதும் எனக்கு அந்த ஆளுங்க மேல மரியாதையே வந்துருச்சு. காகிதம் இல்லாம காரியம் பண்ணாதவங்க.

ஆனா பதினாலுதானே, உள்ளதானே வருதுன்னு கேட்டேன். மூணு வருசத்துக்கு முந்தி வேற என்னமோ எட்டு வரி திருத்திக் குடுத்திருக்காராம். ஒரு ஆளு குடுத்த எல்லாத்தயும் கூட்டித்தான் பாப்பாங்களாம். எட்டும் பதினாலும் இருபத்திரண்டு. அன்னைக்கு அந்த உதவியப் பண்ணாம சும்மா இருந்திருந்தா இன்னைக்குக் காகிதமே தேவைப்பட்டிருக்காது. நல்லதுக்குக் காலமில்லங்கிறது இதுதான் தம்பி.

ஆகஸ்ட் மாசம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாள், அந்த லெட்டர எடுத்துட்டு வந்தாரு. இந்த மேசைக்கு முன்னாலதான் நின்னாரு. உக்காரச் சொன்னேன், உக்காரல. ஒரே பக்கம். வாசகமெல்லாம் அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. கீழ 'நிறுவனத்தின் சார்பில் கையொப்பமிட அதிகாரம் பெற்றவர்'னு ஒரு கோடு. அந்தக் கோட்டு மேல ஒரு கையெழுத்து, பக்கத்துல ஒரு சீல். "ஒரு கையெழுத்துதான் சார்"னாரு.

அந்தா, பிரிண்டர் மனசு வச்சுருச்சு பாருங்க. உங்களதுதான். குடுங்க இப்படி. 'முதல்வருக்காக'ன்னு போட்டு... சீல் எங்க போச்சு... ம், இந்தாங்க. மை காயட்டும், மடிச்சிராதீங்க. முதல்வரா? இதுக்கெல்லாம் அவர்கிட்ட எதுக்குப் போகணும்? பாஸ்போர்ட், பஸ் பாஸ், வீட்டு லோனு, விசா, எல்லாத்துக்கும் நான்தான் போடுறது. காலேஜ் சார்பில் கையெழுத்துப் போட எனக்குத் தனியா ஆர்டரே இருக்கு, தொண்ணூத்தெட்டுலேருந்து. எந்திரிக்காதீங்க தம்பி, மை காயணும்ல. பாதில விட்டுட்டுப் போனீங்கன்னா ஸ்டாஃப் ரூம்ல சொல்றதுதான் உண்மைன்னு ஆயிரும்.

எங்க விட்டேன்? ஒரு கையெழுத்துதான். அப்படி எவன் சொன்னாலும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மணி அடிச்சிரும். காரணம் இருக்கு. இந்தக் காலேஜ ஆரம்பிச்ச குடும்பத்துக்கு நாலுவழிச் சாலை ஓரத்துல நிலம் இருந்துச்சு. அந்தக் குடும்பத்துப் பெரியவர் காலத்துல, அவர் தங்கச்சி வீட்டுக்காரரு வந்து "மச்சான், ஒரு கையெழுத்துதான்"னு விடுதலைப் பத்திரத்துல வாங்கிட்டுப் போயிட்டாரு. விடுதலைப் பத்திரம்னா என்ன? எனக்கு இதுல பாத்தியதை இல்லன்னு எழுதிக் குடுக்கிறதுதானே? இன்னைக்கு அந்த இடத்துல கல்யாண மண்டபம் நிக்குது. பெரியவரு சாகுற வரைக்கும் அந்தப் பக்கம் கார்ல போனா முகத்தத் திருப்பிக்கிடுவாரு. அதுலேருந்து இந்தக் காம்பவுண்டுக்குள்ள 'பாத்தியதை இல்ல'ங்கிற வார்த்தைய யாரும் சும்மா எழுதிக் குடுக்கிறதில்ல. பாக்கியநாதன் லெட்டர்ல அதே வார்த்தை. நான் என்ன பண்ணினேன்? ஃபைல் போட்டேன். ஆபீஸ்னு இருந்தா யாரும் பண்றதுதான்.

ஃபைல்னா சும்மா போட்டுற முடியுமா? விசாரிக்கணும். எங்க வச்சு எழுதுனீங்கன்னு கேட்டேன். வீட்டுல, கிருபாவோட கம்ப்யூட்டர்லன்னாரு. எந்த நாளு, எத்தனை மணின்னு கேட்டேன். பாவம், சூதுவாது தெரியாத ஆளு. ஒவ்வொரு வரிக்கும் தேதியும் மணியும் பதிவாயிருக்கும்னு அவரே பிரிண்ட் எடுத்துட்டு வந்து நீட்டுனாரு. நான் ஸ்கேல் வச்சு ஒவ்வொண்ணாப் பாத்தேன். பதிமூணு வரி ஞாயித்துக்கிழமைகள்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் புதன்கிழமை மத்தியானம் ஒண்ணேகாலுக்கு. அன்னைக்கு அவருக்கு டூட்டி. கேட்டா, சாப்பிடும்போது ஞாபகம் வந்துச்சு சார், விட்டுப்போனத லேப்லேருந்து போட்டுட்டேன்னாரு.

அந்த வரில என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு அடைப்புக்குறி. மேல எங்கயோ திறந்தத மூடுறதுக்கு ஒரே ஒரு அடைப்புக்குறி. எழுத்துகூட இல்ல. ஆனா அறக்கட்டளையே அதயும் ஒரு வரின்னு எண்ணும்போது நான் எண்ணாம இருக்க முடியுமா? சாப்பாட்டு நேரமும் காலேஜ் நேரத்துக்குள்ளதானே வருது? பாத்ததப் பாக்கலன்னு எழுத எனக்குத் தெரியாது. நாலு வரில ஒரு குறிப்பு எழுதி மேல அனுப்பினேன். குடுக்கக்கூடாதுன்னு எழுதல. யோசிச்சுச் செய்யலாம்னுதான் எழுதினேன். அவருக்கு எதிரா அதுல ஒரு வார்த்தை கிடையாது.

முதல்வர் குறிப்பப் படிச்சாரு, பயந்துட்டாரு, 'தாளாளர் பார்வைக்கு'ன்னு எழுதித் தள்ளிட்டாரு. தாளாளர் யாரு, அந்தப் பெரியவரோட மகன். என்னக் கூப்பிட்டாரு. "வைகுண்டம், ஒண்ணுமில்லாததுக்கு எவன்யா கடல் தாண்டி வந்து கையெழுத்து கேப்பான்?" அப்படின்னாரு. நியாயமான கேள்விதானே? எனக்கும் அதுவரைக்கும் அப்படித் தோணல, அவர் சொன்ன பிறகு தோணுச்சு.

ஃபைல் குடும்ப வக்கீலுக்குப் போச்சு. நிலப் பத்திரத்துல அவரு புலி. முதல் கேள்வியே தாய்ப்பத்திரம் எங்கன்னுதான். சார், மத்தவங்க எழுதுனதுக்கு நடுவுல இவரு பதினாலு வரி சேத்திருக்காரு, தாய்ப்பத்திரம்னா அது அறக்கட்டளை கைலதான் இருக்கும்னு விளக்கினேன். அப்ப இந்தப் பதினாலுக்கும் நான்கெல்லை குறிச்சுக் கொண்டாங்கன்னாரு. பாக்கியநாதன் மேல எந்த வரி, கீழ எந்த வரின்னு அழகா எழுதிக் குடுத்தாரு. கிழக்கும் மேற்கும் காணோமேன்னு வக்கீல் திருப்பி அனுப்பிட்டாரு. சிரிக்கிறீங்க. சிரிங்க. அன்னைக்கு இந்த ஆபீஸ்ல யாரும் சிரிக்கல.

செப்டம்பர் போச்சு. கமிட்டி போட்டாங்க. கமிட்டில நான்தான் செயலாளர், வேற யாரு இருக்கா எழுதுறதுக்கு? முதல் கூட்டத்துல பாக்கியநாதனக் கூப்பிட்டு விளக்கச் சொன்னாங்க. அவர் புள்ளி கதையச் சொன்னாரு, சம்சாரத்தோட பரீட்சையச் சொன்னாரு, கடைசித் தேதியச் சொன்னாரு. தாளாளர் பிரிண்ட அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்தாரு. இதுல பாதி இடம் வெறுமனே கிடக்கேன்னாரு. பாக்கியநாதன் ஆமான்னாரு. வெறுமனே கிடக்கிறதுக்குத்தான்யா ஒருநாள் விலை ஏறும்னாரு தாளாளர். நிலத்துல பழகுனவரு, அவரச் சொல்லியும் குத்தமில்ல. ரெண்டாவது கூட்டம் ஆயுத பூசைக்குப் பிறகுன்னு நான் மினிட்ஸ் எழுதினேன். ஆயுத பூசைக்குப் பிறகு தாளாளர் வீட்டுல ஒரு சாவு. கூட்டம் தள்ளிப்போச்சு.

பாக்கியநாதன் தினமும் நாலு மணிக்கு வந்து அந்தக் கதவுகிட்ட நிப்பாரு. வாய் திறந்து கேக்கமாட்டாரு. நான் தலைய ஆட்டுவேன், போயிருவாரு. எனக்கு அதுதான் சங்கடமா இருந்துச்சு. சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம்.

அக்டோபர் முப்பத்தொண்ணாந்தேதி மட்டும் உள்ள வந்தாரு. கைல அதே லெட்டரு, புதுசா இன்னொரு பிரதி எடுத்திருந்தாரு. "சார், இன்னைக்குப் போகலன்னா அந்தப் பதிப்புல இல்ல. கமிட்டி மெதுவாக் கூடட்டும். அதிகாரம் பெற்றவர்னுதானே சார் போட்டிருக்கு. நீங்க போட்டாலே அவங்க ஏத்துக்கிடுவாங்க"ன்னாரு.

பதினோரு வருசத்துல அவர் என்கிட்ட பேசின நீளமான பேச்சு அதுதான். எனக்கும் மனசு இளகுச்சு தம்பி, இல்லன்னு சொல்லல. பேனாவத் திறந்துட்டேன். ஆனா ஃபைல் மேல இருக்கும்போது கீழ கையெழுத்து விழலாமா? நாளைக்கு யாராவது கேட்டா? முதல் நாளே கேட்டிருந்தா, ஃபைல் போறதுக்கு முன்னால, அது வேற விசயம். இப்ப மேல போயிருச்சேன்னு சொன்னேன். யாரு அனுப்புனான்னு கேட்டாரு. நான்தான், ஆபீஸ்ங்கிற முறையிலன்னு சொன்னேன். லெட்டர மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. மறுநாள் நாலு மணிக்குக் கதவுகிட்ட யாரும் நிக்கல.

ஜனவரில அந்தப் பிள்ளை பரீட்சை எழுதுச்சு. பழைய பதிப்புதான். அது புள்ளிய முழுங்கும்னு தெரியும்ல, அதனால எண்ணு வர்ற இடத்துலயெல்லாம் நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாத் தட்டித் தட்டிக் கேட்டுச்சாம். அப்படிக் கேட்டா புள்ளி தெரியுமாம். தெரிஞ்சுச்சு, ஆனா நேரம் ஓடிருச்சு. ஹால்ல மேற்பார்வைக்கு நின்ன அம்மாகிட்ட இந்த எண்ண மட்டும் வாசிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கு. அந்தம்மா பாவம், சொன்னா என் வேலை போயிரும்மான்னு சொல்லிருச்சு. கடைசிப் பதினெட்டுக் கேள்விக்குப் போகவே முடியல. நாலு மார்க்குல போச்சு.

பிப்ரவரில தாளாளர் வேற எதுக்கோ ஃபைலத் தேடப்போயி இது கைல சிக்கியிருக்கு. "இது இன்னுமா ஓடுது? குடுத்துத் தொலைங்கய்யா"ன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. பாத்தீங்களா? குடுத்தாச்சு. யாரு பிடிச்சு வச்சா? நானே லேப்புக்கு நடந்து போயி அவர் கைல குடுத்தேன். வாங்கிப் படிச்சாரு. ரொம்ப நன்றி சார், இப்ப தேவையில்லன்னாரு. கனடாவுல ஒரு இலங்கைத் தமிழ்ப் பொண்ணு, இவர் எழுதுனதப் பாக்காமலே, தானா பதினோரு வரில அதே குறையத் திருத்திருச்சாம். அந்தப் பொண்ணுக்கு அதுதான் முதல் தடவை, அதனால காகிதமே தேவைப்படல. மே மாசப் பதிப்புல வருதுன்னாரு. இனி யாருக்கும் அந்தக் கஷ்டம் இல்ல சார்னு சந்தோசமாத்தான் சொன்னாரு. அடுத்த வாரம் ராஜினாமா குடுத்துட்டாரு. மதுரைல ஒரு பள்ளிக்கூடத்துல வேலை, இங்க வாங்கினதவிடக் கம்மி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு அது என் தலைல விடிஞ்சுது.

இன்னும் ஒண்ணு இருக்கு, அத யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. மார்ச் மாசம் விடுவிப்பு உத்தரவு வாங்க வந்தப்ப கிருபாவயும் கூட்டிட்டு வந்திருந்தாரு. அவர் நிலுவை இல்லங்கிற காகிதத்துல லேப்புலயும் லைப்ரரிலயும் கையெழுத்து வாங்கப் போயிட்டாரு. அந்தப் பிள்ளை நீங்க உக்காந்திருக்கிற இந்த நாற்காலில உக்காந்திருந்துச்சு. தண்ணி குடுத்தேன், குடிச்சுச்சு. அந்த ஃபைல் இருக்கான்னு கேட்டுச்சு. என் மேசைல ஒரு ஃபைலும் தொலைஞ்சதில்லம்மான்னு எடுத்தேன்.

"நீங்க எழுதின குறிப்ப வாசிச்சுக் காட்டுங்க சார்"னு கேட்டுச்சு.

கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசிச்சேன். 'மனுதாரர் கோரும் கடிதத்தில் கல்லூரி தன் பாத்தியதையை விட்டுக்கொடுப்பதாக உள்ளது. பதினான்கு வரிகளில் ஒரு வரி கல்லூரி வேலை நேரத்தில் எழுதப்பட்டதாகப் பதிவில் தெரிகிறது. இதன் மதிப்பு இன்னதென்று அறியக்கூடவில்லை. தீர யோசித்து முடிவெடுக்கலாம்.'

அந்தப் பிள்ளை தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டிருந்துச்சு. இந்த நாலு வரி இல்லாம லெட்டர் மட்டும் முதல்வர்கிட்ட போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேட்டுச்சு. கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருப்பாரும்மா, தினம் அறுவது காகிதம் போடுறாரு, எதப் படிக்கிறாரு, அதுக்குத்தானே நான் இருக்கேன்னு சொன்னேன். உண்மையத்தானே சொன்னேன்?

அப்புறம் சொல்லுச்சு, "நல்லா வாசிக்கிறீங்க சார். நிறுத்தி, ஒரு எழுத்து விடாம. அன்னைக்கு ஹால்ல இந்த மாதிரி ஒரு குரல் இருந்திருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன்."

முப்பத்தோரு வருசத்துல என் குறிப்ப ஒருத்தர் உக்காந்து கேட்டு நல்லாருக்குன்னு சொன்னது அன்னைக்குத்தான் தம்பி. மனசு குளுந்துபோச்சு. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் சம்சாரத்துகிட்ட சொன்னேன், பாரு, ஊரே என்னப் பேசுது, ஆனா பரீட்சைய இழந்த பிள்ளையே என்னப் பாராட்டிட்டுப் போகுதுன்னு. எல்லாத்தயும் சொன்னேன், குறிப்பக்கூட மனப்பாடமா ஒப்பிச்சேன். அவ தோசை சுட்டுக்கிட்டிருந்தா. அடுப்ப அணைச்சா. அப்புறம் தட்ட என் முன்னால வச்சிட்டு உள்ள போயிட்டா.

நாலு மாசம் ஆச்சு. நேரத்துக்குத் தட்டு வருது, பேச்சு வர்றதில்ல. அவளுக்கு இந்த ஆபீஸ் விசயமெல்லாம் புரியாது தம்பி.